பால் இறங்காத பதற்றமும் பதில் வராத முகமும்

"பிரசவத்துக்குப் பிறகு மன அழுத்தம் இருந்தால் பால் வற்றிவிடுமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். பால் சுரப்பது வேறு, இறங்குவது வேறு. சுரக்கவைப்பது புரோலாக்டின் என்ற ஹார்மோன், சுரந்ததை வெளியே தள்ளுவது ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன். பதற்றத்தில் எகிறும் அட்ரினலின் இந்த இரண்டாவதற்குத்தான் முட்டுக்கட்டை போடுகிறது. மார்பில் பால் இருக்கும், வர நேரமாகும். குழந்தை வீறிடும், தாய் இன்னும் பதறுவாள். பக்கத்தில் ஒருவர் "பால் பத்தலை" என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது! வடியாமல் தேங்கிக்கொண்டே இருந்தால்தான் பிறகு சுரப்பும் குறையும்.

நஞ்சுக்கொடி வெளியேறியதும் தாயின் உடலில் ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்கள் சரசரவெனச் சரிகின்றன. 3-ஆம் நாளையொட்டித் தாய்க்கு வரும் காரணமற்ற அழுகை 2 வாரத்துக்குள் அடங்கிவிடும். அடங்காவிட்டால் அது மனச்சோர்வாக இருக்கலாம்.

இந்தச் சோர்வு குழந்தையை எட்டும் வழி முகம்தான். 1970-களில் எட்வர்ட் ட்ரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் ஓர் எளிய சோதனை செய்தார். தாய் சில நிமிடம் குழந்தையோடு கொஞ்சுவார். பிறகு முகத்தைச் சலனமில்லாமல் வைத்துக்கொள்வார். பிறகு மறுபடி கொஞ்சுவார். நடுக்கட்டத்தில் சில மாதக் குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது, குரல் கொடுக்கிறது, கை நீட்டுகிறது. எதற்கும் பதில் இல்லையென்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையைச் சூப்பித் தன்னைத்தானே தேற்றிக்கொள்கிறது.

அவர் கண்டதில் அழகான பகுதி வேறொன்று. எந்தக் குறையும் இல்லாத தாயும் சேயும்கூட ஏறத்தாழ 30% நேரம்தான் ஒத்திசைகிறார்கள். மீதி நேரமெல்லாம் தப்புத்தாளம்: குழந்தை ஓய்வு கேட்கும்போது தாய் சிரிப்புக்காட்டுகிறாள்; அது கூப்பிடும்போது வேறெங்கோ பார்க்கிறாள். ஆனால் சில நொடிகளில் இருவரும் சரிசெய்துகொள்கிறார்கள். 'நான் கூப்பிட்டால் நிலைமை மாறும்' என்று குழந்தை கற்றுக்கொள்வது அந்தச் சரிசெய்தலில்தான். அதனால் 'தாய் எப்போதும் சிரித்த முகமாக இருக்க வேண்டும்' என்ற உபதேசம் எனக்குப் பிடிப்பதில்லை; அது அறிவியலும் இல்லை.

சோர்வு பாசத்தை எடுத்துக்கொண்டு போவதில்லை. சரிசெய்யும் வேகத்தைத்தான் குறைக்கிறது. பதில் தாமதமாகிறது, குழந்தைப் பேச்சின் ஏற்ற இறக்கம் தட்டையாகிறது. சில தாய்மார் எதிர்ப்பக்கம் போகிறார்கள்: முகம் திருப்பிய குழந்தையை விடாமல் சீண்டி, கிச்சுக்கிச்சு மூட்டி, தம் பக்கம் திருப்பப் பார்க்கிறார்கள். குழந்தை முகத்தைத் திருப்பினால் காத்திருங்கள், அது திரும்பிப் பார்த்ததும் பேசுங்கள்.

முதல் மருந்து தூக்கம். இரவுப் பொறுப்பில் ஒரு பகுதியை இன்னொருவர் ஏற்று, தாய்க்கு 4–5 மணி நேரம் இடையறாத தூக்கம் கிடைக்கச் செய்யுங்கள். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறிய உதவும், 1987-இல் வந்த எடின்பரோ வினாத்தாள் கடந்த 7 நாள்களைப் பற்றி 10 கேள்விகள் கேட்கிறது; மொத்தம் 30-க்கு 13 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தனக்குத்தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் பற்றிய 10-ஆவது கேள்விக்கு 'எப்போதாவது' என்றாலும் அன்றே பார்க்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. குழந்தையின் எடையைத் தவறாமல் குறிப்பவர்கள் தாயிடம் இதைக் கேட்காமல் அனுப்புவதுதான் எரிச்சல். பால் கொடுப்பதற்காக மனச்சோர்வு மாத்திரையைத் தானாக நிறுத்தவும் வேண்டாம். அவற்றில் ஒன்றான செர்ட்ராலின் பாலில் மிகக் குறைவாகவே கலக்கிறது.

சோர்வு தீர்ந்த பிறகும் பழகிப்போன தாமதம் தானாக விலகிவிடுவதில்லை. அதற்குக் காணொலிப் பயிற்சி உண்டு: தாயும் சேயும் சில நிமிடம் விளையாடுவதைப் பதிவுசெய்து, இருவரும் சரியாகச் சேர்ந்துகொண்ட நொடிகளில் நிறுத்தி, அவற்றைத் தாய்க்குப் போட்டுக்காட்டுவார்கள்.