நுரையீரல் மிதந்தால் குழந்தை உயிரோடு பிறந்ததா?

பச்சிளம் சிசுவின் உடல் பிரேதப் பரிசோதனைக்கு வந்தால் மருத்துவர் முதலில் தீர்க்க வேண்டியது, எப்படி இறந்தது என்பதல்ல. உயிரோடு பிறந்ததா என்பது. இறந்தே பிறந்த குழந்தையைக் கொன்றதாக யார்மீதும் வழக்குப் போட முடியாது. இதற்காக 17ஆம் நூற்றாண்டிலிருந்தே நுரையீரலை நீரில் போட்டுப் பார்த்து வருகிறார்கள்.

மூச்சே விடாத நுரையீரல் ஈரல்போலக் கெட்டியாக, கூரிய விளிம்போடு மார்புக்கூட்டின் பின்புறம் ஒடுங்கிக் கிடக்கும். ஒப்படர்த்தி (நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி; நீருக்கு 1) 1.04–1.05, ஆகவே மூழ்கும். காற்று புகுந்ததும் உப்பி இதயத்தின்மேல் படரும், விளிம்பு மழுங்கும், விரலால் அழுத்தினால் நறநறக்கும். அறுத்தால் நுரைத்த ரத்தம் கசியும். ரத்தம் பாய்வதால் எடையும் 30–40 கிராமிலிருந்து 60–70 வரை ஏறும். எடை கூடியது எப்படி மிதக்கும்? கன அளவு அதைவிட அதிகமாகப் பெருகி, ஒப்படர்த்தி 0.94–0.95க்கு இறங்கிவிடுவதால்தான்.

மூச்சுக்குழல் கிளைகளைக் கட்டி, இரு நுரையீரல்களையும் தனித்தனியே பிரித்து நீரில் விடுவார்கள். மிதந்தால் மடல் (நுரையீரலின் பெரும் பிரிவு) மடலாகவும், பிறகு ஒவ்வொரு நுரையீரலையும் 12 முதல் 20 துண்டுகளாகவும் வெட்டி நீரில் விடுவார்கள். மிதக்கும் துண்டுகளைத் துணியில் சுற்றி நன்றாக அழுத்திவிட்டு மறுபடி போட வேண்டும். மூச்சால் நுரையீரலின் நுண்ணறைகளுக்குள் போய்த் தங்கிய காற்று இந்த அழுத்தத்துக்கு முழுதாக வெளியேறாது. அழுகல் வாயு பெரும்பாலும் வெளியேறிவிடும். அவசரத்தில் இந்தக் கட்டத்தை விட்டுவிடக் கூடாது.

கூடவே ஒரு கல்லீரல் துண்டையும் போட வேண்டும். ஈரலுக்குள் மூச்சுக்காற்று போக வழியில்லை. அதுவும் மிதந்தால் உடல் அழுகிவிட்டது என்று பொருள். சோதனையை அங்கேயே நிறுத்திவிடலாம்.

அழுகாத உடலிலும் ஏமாறலாம். குழந்தையைக் காப்பாற்ற யாராவது வாயோடு வாய் வைத்து ஊதியிருந்தால், மூச்சு விடாத நுரையீரலும் மிதக்கும். நிமோனியா கண்டாலோ, மூச்சு மிகவும் பலவீனமாக இருந்து நுரையீரல் விரியாமல் போனாலோ, உயிரோடு பிறந்த குழந்தையின் நுரையீரல்கூட மூழ்கும். உடல் முழுதாக வெளிவருமுன்பே, பிறப்புப் பாதையில் தலை இருக்கையிலேயே குழந்தை மூச்சிழுத்துப் பின் இறப்பதும் உண்டு. ஆக, சோதனை காட்டுவது காற்று புகுந்ததை மட்டுமே. அதை வைத்து மட்டும் ஒரு தாயைக் கொலைகாரி என்பது அறிவியலே அல்ல.

அதனால் வயிற்றையும் குடலையும் இரு முனைகளிலும் கட்டி எடுத்து நீருக்கடியில் திறந்து பார்ப்பார்கள். காற்றை விழுங்கியிருந்தால் குமிழிகள் எழும். அழுகலும் ஊதிய காற்றும் இங்கும் குழப்பும் என்பதால் இது துணைச்சான்று மட்டுமே.

சில உடல்களுக்கு மிதப்புச் சோதனையே வேண்டாம். கருப்பையிலேயே இறந்து தோல் உரிந்து, மண்டையோட்டு எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்திருந்தால் அது உயிரோடு பிறக்கவில்லை. இரைப்பையில் பால் இருந்தாலோ, தொப்புள்கொடி உதிர்ந்து புண் ஆறியிருந்தாலோ, அந்தக் குழந்தை நிச்சயம் பிறந்து வாழ்ந்திருக்கிறது.