கலைந்த எழுத்துகளைச் செயலி எப்படிக் கண்டுபிடிக்கிறது?

சங்கேதக் குறுக்கெழுத்து (விடையின் பொருளையும் அதன் எழுத்துகளை எட்டும் தந்திரத்தையும் ஒரே குறிப்பில் ஒளித்து வைக்கும் புதிர்) போடும்போது, கலைந்த எழுத்துகளைக் கொடுத்தால் சொல்லைச் சொல்லிவிடும் செயலியைத் திறந்தால் அது ஏமாற்று வேலையா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். செயலி உள்ளே என்ன செய்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம்.

ஒரு குறிப்பு: ‘தகவு சிதைந்து வாசலை அடைக்கும் (3)’. ‘சிதைந்து’ என்றால் ‘தகவு’ என்பதன் எழுத்துகளைக் கலை என்று சைகை. ‘வாசலை அடைக்கும்’ என்பது விடையின் பொருள், (3) எழுத்துகளின் எண்ணிக்கை. விடை, கதவு. மூன்றெழுத்தை ஆறு விதமாகத்தான் அடுக்க முடியும், மனக்கணக்கே போதும். ஒன்பது வெவ்வேறு எழுத்துகள் என்றால் 3,62,880 விதம்.

செயலி இத்தனையையும் போட்டுப் பார்ப்பதில்லை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அகராதியின் ஒவ்வொரு சொல்லையும் எழுத்தெழுத்தாகப் பிரித்து, முன்கூட்டியே அகரவரிசையில் அடுக்கி, அந்த அடுக்கையே சொல்லின் முகவரியாக வைத்துக்கொள்கிறது. தகவுக்கும் கதவுக்கும் முகவரி ஒன்றுதான்: க, த, வு. நாம் தரும் எழுத்துகளையும் அதேபோல் அடுக்கி, நேரே அந்த முகவரிக்குப் போய் அங்கே குடியிருப்பவர்களைக் கூப்பிடுகிறது. அகராதியைப் புரட்டும் வேலையே கிடையாது!

தமிழில் இதற்கு ஒரு வில்லங்கம் உண்டு. கணினி எழுத்துகளைக் குறித்துவைக்கும் யூனிகோடு முறையில் ‘வு’ ஒரே குறியீடு அல்ல. ‘வ’ தனி, உகரக் குறி தனி. இதைக் கவனிக்காத நிரல் அந்தக் குறியைக் கழற்றித் தனியே அடுக்கிவிடும். உடனே ‘கதுவ’ (பற்ற) என்ற சொல்லும் அதே முகவரிக்கு வந்து சேரும். கட்டத்திலோ அது க, து, வ; கதவுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆங்கிலத்துக்கு எழுதிய நிரலை அப்படியே தமிழுக்கு மாட்டியிருக்கிறார்களா என்று பார்க்க இந்த ஒரு சோதனை போதும்.

இத்தனை சாமர்த்தியம் இருந்தும், குறிப்பில் எது பொருள், எது கலைக்க வேண்டிய சொல் என்று இந்த முகவரிப் பட்டியலுக்குத் தெரியாது. யாருடைய தகுதியோ கெட்டுப்போன கதை என்று நம்மை நம்பவைத்துவிட்டுக் கதவைக் காட்டுகிறதே, அந்தத் தந்திரத்தை உடைப்பதுதான் புதிர். அதை உடைத்தபின் எழுத்துகளைச் செயலியிடம் கொடுத்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை. குறிப்பைப் படிக்காமலே, தெரிந்த கட்டங்களைக் கொடுத்துப் பொருந்தும் சொல்லை வாங்கிக்கொண்டு, பிறகு காரணம் தேடுகிறார்களே, அதுதான் உறுத்துகிறது.

நினைவுக்கும் அது நல்லதில்லை. ஸ்லமெக்கா, கிராஃப் என்ற உளவியலாளர்கள் 1978இல் வெளியிட்ட சோதனைகளில், சில சொற்களை முழுதாகப் படிக்கக் கொடுத்தார்கள். சிலவற்றுக்கு ஒரு துப்பும் முதலெழுத்தும் மட்டும். படித்த சொற்களைவிட, தாமே வருவித்த சொற்களே நன்றாக நினைவில் நின்றன. புதுச் சொல் கற்கவென்று புதிர் போடுகிறவர்கள் செயலியைக் கொஞ்சம் தாமதமாகத் திறக்கலாம்.