தக்: எத்தன் ரவுடியான கதை

'தக்' என்றதும் நமக்கு மீம்ஸில் வரும் 'தக் லைஃப்'தான் நினைவுக்கு வரும். யாருக்கும் அடங்காதவன், கெத்தானவன் என்று எடுத்துக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் ரவுடி. மூலச் சொல்லில் இந்த இரண்டுமே இல்லை. இந்தியில் அது 'டக்' என்று ஒலிக்கும், பொருள் ஏமாற்றுக்காரன். 'மறைத்தல்' என்ற பொருளுடைய வடமொழி வேரிலிருந்து வந்தது.

வழிப்போக்கர்களோடு சிநேகமாகச் சேர்ந்து நடந்து, அவர்கள் நம்பிய பிறகு துணியால் கழுத்தை நெரித்துக் கொள்ளையடித்த கும்பல்களுக்கு வடக்கே இந்தப் பெயர் விழுந்தது. தெற்கே 'பான்சிகர்', அதாவது சுருக்குப் போடுபவர். 1830களில் பிரிட்டிஷ் அதிகாரி வில்லியம் ஸ்லீமன் இவர்களை வேட்டையாடினார். 1836 சட்டப்படி கொலையை நிரூபிக்க வேண்டியதில்லை. கும்பலில் இருந்தவன் என்றாலே ஆயுள் தண்டனை. சாட்சியம் பெரும்பாலும் அப்ரூவர் ஆனவர்களின் வாக்குமூலம். காளிக்காகக் கொல்லும் ரகசிய மதக்கூட்டம் என்ற சித்திரம் அதிலிருந்து எழுந்ததுதான். பிடிபட்டவர்களில் முஸ்லிம்களும் நிறையப் பேர்.

அந்தச் சித்திரத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனது சினிமா. ஆங்கில எழுத்தாளர் கிப்ளிங்கின் கவிதையை வைத்து 1939இல் வந்த 'கங்கா தின்' கலிபோர்னியா பாறைகளுக்கு நடுவே படமானது. பொற்கோயில், பாம்புக்குழி, கயிற்றுப் பாலம், கடைசியில் வந்து காப்பாற்றும் பிரிட்டிஷ் படை என்று எல்லாம் அதில் உண்டு. 1984இல் வந்த இரண்டாவது இண்டியானா ஜோன்ஸ் படத்திலும் காளி கோயில், கயிற்றுப் பாலம், பிரிட்டிஷ் படை. கதை நடப்பது 1935இல், ஸ்லீமனுக்கு ஒரு நூற்றாண்டு கழித்து! திரைக்கதையை மாற்றச் சொன்னது இந்திய அரசு. படக்குழு இலங்கையின் கண்டிக்குப் போய்விட்டது.

ஆனால் ஒரு வித்தியாசம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. பழைய படத்தின் வில்லன் குரு, பிரிட்டிஷ் வீரர்களிடம் சந்திரகுப்த மௌரியரைப் பற்றிப் பேசுகிறான்; நாட்டுக்காகச் சாகத் தனக்கும் தெரியும் என்று சொல்லிப் பாம்புக்குழியில் குதிக்கிறான். ஏகாதிபத்தியத்தைப் புகழும் படம்தான், ஆனாலும் எதிரிக்கு ஒரு நாடு இருக்கிறது என்பதை மறைக்கவில்லை. இண்டியானா ஜோன்ஸ் படத்தில் அம்ரீஷ் புரி நடித்த வில்லன் மோலா ராமுக்கு அதுகூடக் கிடையாது. அவன் உயிரோடு இருப்பவனின் நெஞ்சிலிருந்து இதயத்தைப் பிடுங்குகிறான். உலகையே ஆள நினைக்கிறான். கைத்துணியும் நயமான பேச்சுமாகத் திரிந்த ஏமாற்றுக்காரன் முழுக்கக் காணாமல் போய்விட்டான். 45 ஆண்டு கழித்து வந்த படம் இன்னும் பின்னால் போயிருக்கிறது என்றுதான் சொல்வேன்.

சரி, தமிழில் என்ன சொல்வது? பொருநராற்றுப்படையில் வரும் 'ஆறலை கள்வர்' வழிப்பறிக்காரருக்குப் பொருந்தும். ஆனால் அவர்கள் ஆயுதத்தோடு மறிப்பவர்கள். கூட நடந்து கழுத்தை நெரிப்பவர்கள் அல்ல. மூலப் பொருளுக்கு 'எத்தன்' கச்சிதம். 'எத்தனுக்கு எத்தன்' என்று இன்றும் பேசுகிறோமே, அதே எத்தன். வரலாற்றுக் கும்பலைத் 'தக்கர்' என்றும், இன்றைய ஆங்கிலப் பொருளைப் 'போக்கிரி', 'அடியாள்' என்றும் எழுதலாம். 'காளி பக்தர்' என்று மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம்.