வலையொலி: சொல்லும் ஓடையும்

பாட்காஸ்ட்: பெயர்ச்சொல். தமிழில் வலையொலி. திறந்த ஓடை (ஃபீட், அதாவது எபிசோடுகளைப் பட்டியலிட்டு எந்தச் செயலியும் படிக்கும்படி வைத்த கோப்பு) ஒன்றின் வழியாக இணையத்தில் வெளியாகி, யாரும் தங்களுக்குப் பிடித்த செயலியில் கேட்கக்கூடிய ஒலித்தொடர்.

பெரும்பாலும் ‘இணையத்தில் கேட்கும் ஒலி நிகழ்ச்சி’ என்று சுருக்கமாக முடித்துவிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா அனுப்பும் வாய்ஸ் நோட்டும் பாட்காஸ்ட்தான். ‘திறந்த ஓடை’, ‘பிடித்த செயலி’ ஆகிய இரண்டையும் எடுத்துவிட்டால் இந்தச் சொல்லில் மிச்சம் ஒன்றுமில்லை. பெரிய கம்பெனிகள் கைவைப்பதும் சரியாக அந்த இரண்டில்தான்.

முதலில் பெயர் வந்த கதை. 2004 பிப்ரவரியில் பிரிட்டனின் கார்டியன் நாளிதழில் பென் ஹேமர்ஸ்லி என்ற பத்திரிகையாளர், ஆளாளுக்கு வானொலி நடத்தும் புதுப்பழக்கம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். இதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று இரண்டு மூன்று பெயர்களை அடுக்கினார். அதில் ஒன்று பாட்காஸ்டிங். பக்கத்தில் ஒரு வரி குறைந்ததால் அதை நிரப்ப எழுதியது என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். மறு வருஷமே, 2005-ல், நியூ ஆக்ஸ்ஃபோர்டு அமெரிக்கன் அகராதி அதை ஆண்டின் சொல்லாக்கிவிட்டது.

முன்பாதியான ‘பாட்’, ஐபாட் என்ற பாட்டுக் கேட்கும் கருவியிலிருந்து வந்தது. 2001-ல் வந்த அந்தக் கருவியை ஆப்பிள் 2022-ல் நிறுத்திவிட்டது. கருவி போய்ச் சேர்ந்துவிட்டது, பெயர் மட்டும் நிற்கிறது. பின்பாதி பிராட்காஸ்ட். இது வானொலிக்கு வெகுகாலம் முன்பே வயலில் இருந்த சொல். விதையைக் கையில் அள்ளி வீசி விதைப்பதற்கு அந்தப் பெயர். நாம் ஒலிபரப்பு என்று வைத்தபோது அந்தப் ‘பரப்பு’ தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டது.

ஆனால் பெயருக்கு முன்பே பொருள் இருந்தது. ஆர்எஸ்எஸ் என்ற ஓடை வடிவத்தில் ஒலிக்கோப்பையும் இணைத்து அனுப்ப வழி செய்தவர் அமெரிக்க மென்பொருள்காரர் டேவ் வைனர், 2000 டிசம்பரில். அதை ஐபாடில் தானாக இறக்கிக்கொள்ளும் வேலையை 2004-ல் முன்னாள் எம்டிவி தொகுப்பாளர் ஆடம் கரி பரவலாக்கினார்.

ஓர் ஓடையை உலாவியில் திறந்து பாருங்கள், மர்மம் எதுவுமில்லை. வெறும் எழுத்துக்கோப்பு. மேலே நிகழ்ச்சியின் பெயர், படத்தின் முகவரி, மொழியைக் குறிக்க இரண்டெழுத்து. கீழே ஒவ்வொரு எபிசோடுக்கும் ஒரு பத்தி: தலைப்பு, தேதி, அப்புறம் ‘என்குளோஷர்’ என்ற ஒற்றை வரி. அந்த வரிக்குள் மூன்றே தகவல்கள்தான். எம்பி3 கோப்பு எங்கே இருக்கிறது, எத்தனை பைட், என்ன வகை. கேட்பவரின் செயலி அவ்வப்போது வந்து இந்தக் கோப்பைப் படிக்கும். புதுப் பத்தி சேர்ந்திருந்தால் ஒலியை இறக்கிக்கொள்ளும். இதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. 2005-ல் ஆப்பிள் தன் ஐடியூன்ஸில் பாட்காஸ்டைச் சேர்த்தபோதுகூட ஓடைகளின் பட்டியலைத்தான் வைத்துக்கொண்டது. ஒலிக்கோப்புகள் அவரவர் இடத்திலேயே இருந்தன.

அனுமதி வேண்டாம் என்பது நம் ஊரில் சின்ன விஷயமல்ல. இங்கே தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி சொல்லக் கூடாது, ஆகாசவாணி செய்தியைத்தான் எடுத்துப் போடலாம். சமுதாய வானொலி தொடங்க உரிமம் வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் கலந்ததே, அப்போது படகிலும் வலையிலும் ஒட்டிய கறுப்பைப் பற்றி ஒரு மீனவர் தன் பேச்சிலேயே முக்கால் மணி நேரம் பேச நினைத்தால் எங்கே போய்ப் பேசுவார்? ஒரு போனும் ஓர் ஓடையும் இருந்தால் போதும்.

இனி தமிழ்ச் சொல். வலையொலி, வானொலியின் அச்சில் வார்த்தது. வலைத்தளம், வலைப்பதிவு வரிசையில் சேர்ந்தது. காசிமேட்டில் வலை என்றால் அது மீன் வலைதான், ‘வலையில ஏதுப்பா சத்தம்?’ என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். இன்னொரு சங்கடம், லகரத்தைக் கொஞ்சம் அழுத்திவிட்டால் வளையல் சத்தமாகிவிடும். இருந்தாலும் நல்ல சொல், சுருக்கமான சொல். பாட்காஸ்ட் என்று எழுதினாலும் குற்றமில்லை. நான் கறாராக இருப்பது இன்னொரு சொல்லில்: ஓடை. வலைப்பதிவுக் காலத்தில் செய்தியோடை என்று புழங்கியது இதுதான். ஃபீட் என்றால் ஊட்டுவது என்ற வாடை வரும். ஓடை என்றால் ஓடுவது, யாரும் இறங்கி மொண்டுகொள்ளலாம். இந்த இடத்தில் மூலத்தைவிட மொழிபெயர்ப்புதான் பொருத்தம்.

அந்த ஓடையை மறிக்கும் வேலை 2019-ல் சூடு பிடித்தது. அந்த வருஷம் பாட்டுக் கேட்கும் செயலியான ஸ்பாட்டிஃபை, நிகழ்ச்சி தயாரிக்கும் கிம்லெட்டையும், இலவசமாகப் பதிவேற்ற இடம் கொடுத்த ஆங்கரையும் வாங்கியது. 2020-ல், அமெரிக்காவில் பெருங்கூட்டம் கேட்கும் ஜோ ரோகன் நிகழ்ச்சியைத் தன்னிடம் மட்டுமே கேட்கும்படி ஒப்பந்தம் போட்டது. பொது ஓடையிலிருந்து அது எடுக்கப்பட்டது. வேறு செயலியில் கேட்டுவந்தவர்கள் ஸ்பாட்டிஃபைக்குப் போக வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். காசிமேட்டில் வியாபாரியிடம் அட்வான்ஸ் வாங்கிய படகுக்காரர் மீனை அவர் வழியாகத்தான் விற்க வேண்டும்; கடலும் உழைப்பும் தன்னுடையதுதான், விலை மட்டும் அவர் சொல்வது. ‘எங்களிடம் மட்டும்’ என்ற ஒப்பந்தத்தின் சங்கதியும் அதுவே.

அந்தக் கணக்கு கம்பெனிக்கே முழுசாக ஒத்துவரவில்லை. 2023-ல் கிம்லெட் வேறொரு பிரிவோடு கலக்கப்பட்டு ஆட்கள் குறைக்கப்பட்டார்கள். 2024-ல் ரோகன் நிகழ்ச்சி மறுபடி மற்ற தளங்களுக்கும் வந்தது. அதைவிடக் கவனிக்க வேண்டியது வேறொன்று. 2023-ல் ஸ்டிச்சர் செயலி மூடப்பட்டது, 2024-ல் கூகுள் பாட்காஸ்ட்ஸ் போனது. ஓடை வைத்திருந்த நிகழ்ச்சி எதுவும் அதனால் சாகவில்லை. கேட்பவர்கள் தங்கள் பட்டியலை எடுத்துக்கொண்டு வேறு செயலிக்குப் போனார்கள், அவ்வளவுதான். 2020-ல் ஆடம் கரியும் டேவ் ஜோன்ஸும் தொடங்கிய பாட்காஸ்ட் இண்டெக்ஸ், ஆப்பிளின் பட்டியலை மட்டும் நம்பி இருக்க வேண்டாம் என்பதற்காக வந்த திறந்த பட்டியல்.

இப்படி எந்தக் கம்பெனியையும் சாராமல் சொந்த ஓடையில் நடக்கும் நிகழ்ச்சியை ‘இண்டிபெண்டன்ட்’ என்பார்கள். அதற்குச் சிலர் தன்னாட்சி என்கிறார்கள். எனக்குச் சுயேச்சை பிடிக்கும். வடசென்னைச் சுவர்களில் ஊறிய சொல். 2017 ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில் சுயேச்சையே ஜெயித்தார் (அவர் பின்னால் இருந்த பலம் வேறு கதை). சுய இச்சை, தன் விருப்பம். கட்சி இல்லை என்பதைவிட, யார் சொல்லியும் நிற்கவில்லை என்பதே பொருள்.

வியாசர்பாடியில் கானா பாடகர்களை உட்கார வைத்துப் பேசிப் பதிவு செய்யும் நண்பர்கள் இருக்கிறார்கள். ரயில் சத்தம் குறையும் நேரம் பார்த்து, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, இரண்டு காலர் மைக்கில் வேலை முடிந்துவிடும். இலவச சேவை ஒன்றில் வைத்திருந்தார்கள். இடம் மாற்ற நினைத்தபோதுதான் தெரிந்தது, ஓடையின் முகவரியே அந்தச் சேவையின் பெயரில் இருக்கிறது. கணக்கை அழித்திருந்தால் கேட்பவர்கள் மொத்தமும் போயிருப்பார்கள். நல்லவேளை, நிரந்தரத் திருப்பிவிடல் என்ற வசதி இருந்தது: பழைய முகவரிக்கு வரும் செயலியிடம் ‘இனி அங்கே போ’ என்று புது முகவரியைச் சொல்லும். அதைப் போட்டுச் சில வாரம் விட்டுவைத்த பிறகே பழைய கணக்கை மூடினார்கள். இப்போது முகவரி சொந்த டொமைனில் (தாங்களே பதிந்துகொண்ட இணையப் பெயரில்) இருக்கிறது, வருஷத்துக்குச் சுமார் ஆயிரம் ரூபாய் செலவு. கோப்புகள் நாளைக்கு எங்கே மாறினாலும் முகவரி மாறாது.

யூடியூபில் போடாதே என்று நான் சொல்ல மாட்டேன், ஆட்கள் அங்கேதான் இருக்கிறார்கள். ஆனால் யூடியூப் உங்கள் ஓடையைப் படித்து ஒரு நகலைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். அங்கிருந்து ஒலிக்கோப்போடு ஓடை வெளியே வராது. அதனால் முதலில் ஓடை, அப்புறம் யூடியூப்.

கேட்பவருக்கும் ஒரு சோதனை உண்டு. நிகழ்ச்சியின் ஓடை முகவரியை நகலெடுத்து, இதுவரை பயன்படுத்தாத ஒரு செயலியில் ஒட்டிப் பாருங்கள். பாடினால் அது வலையொலி. ஒட்டுவதற்கு முகவரியே கிடைக்கவில்லையா, அது ஆப் நிகழ்ச்சி. கேளுங்கள், வலையொலி என்று மட்டும் எழுதாதீர்கள்.