போட்டோல அள்ளுற லாஃப்ட் வீடு, பேசினா மட்டும் ஏன் கணகணங்குது?

பழைய கராஜை லாஃப்ட் ஸ்டைல்ல, அதாவது பழைய ஃபேக்டரி மாதிரி எதையும் மூடாம, எதையும் அடைக்காம விட்ட வீடா மாத்தின ஒரு வாசகர் கேள்வி அனுப்பியிருக்கார். செங்கல் சுவரை பூசாம அப்படியே விட்டிருக்காங்க, தரை பாலிஷ் போட்ட கான்கிரீட், மேல இரும்பு பீமும் பைப்பும் அப்பட்டமா தெரியுது, முன்னாடி ஷட்டர் இருந்த இடத்துல முழுசும் கண்ணாடி, பாக்குறவங்க எல்லாம் வாயப் பொளக்குறாங்க, ஆனா உள்ள நாலு பேர் உக்காந்து பேசினா ஒருத்தர் சொல்றது இன்னொருத்தருக்கு புரியல, டிவி வால்யூமை ஏத்தினா இன்னும் மோசமாகுது, முட்டை ட்ரே ஒட்டினா சரியாயிடுமான்னு கேட்டிருக்கார். ஆகாது. ஏன் ஆகாதுன்னு சொல்றதுக்குத்தான் இந்தக் கட்டுரை.

கராஜை வீடாக்கும்போது பாக்க வேண்டிய மத்த விஷயங்களை ஒரே மூச்சுல சொல்லிட்டு நகர்ந்துடறேன். தரைக்கு அடியில ஈரம் ஏறாம தடுக்கிற ஷீட் இருக்கான்னு பாருங்க, பழைய கராஜ்ல அது இல்லாம இருக்க வாய்ப்பு அதிகம். வருஷக்கணக்கா சொட்டின ஆயிலை கான்கிரீட் உறிஞ்சி வெச்சிருக்கும், அதை எடுக்காம மேல எபாக்ஸி அடிச்சா உரிஞ்சுக்கிட்டு வந்துடும். கூரைக்கு இன்சுலேஷன் வேணும். பாதி இடத்துல வீடு பாதி இடத்துல கார்னு திட்டம் போட்டா நடுச்சுவர்ல ஒரு இடுக்குகூட இருக்கக் கூடாது, கார் புகையில இருக்கிற விஷவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. இதையெல்லாம் எழுத நெறைய பேர் இருக்காங்க, காதைப் பத்தித்தான் யாரும் வாயத் திறக்க மாட்டேங்கிறாங்க.

சரி, கணக்குக்கு வருவோம். ரெண்டு கார் நிக்கிற மாதிரி ஒரு கராஜ், 6 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3.5 மீட்டர் உயரம்னு வெச்சுக்கலாம். கன அளவு 126 கன மீட்டர், சுவர் தரை கூரை எல்லாம் சேத்தா பரப்பு 156 சதுர மீட்டர். ஒலி ஒரு தடவை மோதிட்டு அடுத்த தடவை மோதுறதுக்குள்ள சராசரியா எவ்வளவு தூரம் போகும்னு கண்டுபிடிக்க ரொம்ப எளிமையான வழி இருக்கு, கன அளவை 4ஆல பெருக்கி பரப்பால வகுத்தா போதும். 3.2 மீட்டர் வருது. ஒலி நொடிக்கு சுமார் 344 மீட்டர் ஓடும், அப்படின்னா நீங்க ‘வா’ன்னு கூப்பிட்ட அந்த ஒரு சத்தம் ஒரே நொடியில நூறு தடவைக்கு மேல எதுலயாவது போய் முட்டிட்டு திரும்புது!

ஒவ்வொரு முட்டுக்கும் கொஞ்சம் சக்தி போகும், எவ்வளவு போகும்னுதான் கேள்வி. வழவழன்னு இருக்கிற கான்கிரீட் நூத்துக்கு 2 பங்குதான் விழுங்கும், செங்கல் கொஞ்சம் கூட, சராசரியா 3ன்னு வெச்சுக்கோங்க. மீதி 97 திரும்ப அறைக்குள்ளயே வரும். சத்தம் பத்து லட்சத்துல ஒரு பங்கா குறைஞ்சா, அதாவது 60 டெசிபெல் இறங்கினா, காதைப் பொறுத்தவரைக்கும் அது செத்துப் போச்சுன்னு ஒரு வழக்கம். 97 சதவீதத்தை திரும்பத் திரும்ப பெருக்கிக்கிட்டே போனா பத்து லட்சத்துல ஒண்ணு ஆக சுமார் 450 முட்டு ஆகும். நொடிக்கு 106 முட்டுன்னா நாலு நொடிக்கு மேல ஆகுது. நாம பேசும்போது ஒரு நொடிக்கே நாலஞ்சு அசை வாயிலேர்ந்து போயிடும், அதனால நீங்க இப்ப சொல்ற அசைக்கு மேல ஏற்கனவே சொன்னதோட மிச்சம் எல்லாம் படுத்துக் கிடக்கும். உயிர் ஒலிக்கு சக்தி ஜாஸ்தி, க ச த ப மாதிரி மெய் ஒலி சட்டுனு வந்து போறது, அதுங்கதான் முதல்ல முங்கிப் போகும். கல்லா பல்லான்னு புரியாது, ‘அல்லு’ மட்டும் மிதக்கும். வால்யூம் ஏத்தி பிரயோஜனமில்லாம போறதும் இதனாலதான், வசனம் எவ்வளவு ஏறுதோ அதே அளவுக்கு அதோட வாலும் ஏறும்.

சாதாரண வீட்ல இந்தப் பிரச்சனை ஏன் பெருசா தெரியறதில்லன்னா, அங்க மெத்தை, சோபா, துணி அடுக்கின அலமாரி எல்லாம் சின்னச் சின்ன அறைக்குள்ள நெருக்கியடிச்சு கிடக்கும். லாஃப்ட் ஸ்டைலோட அழகே எதையும் மூடாம, எதையும் அடைக்காம விடறதுதான். நியூயார்க் சோஹோ பக்கம் காலியான பழைய ஃபேக்டரிகள்ல ஓவியர்களும் சிற்பிகளும் குடியேறினப்போ அவங்களுக்கு வேண்டியது வெளிச்சமும் இடமும், இப்ப நமக்கு வேண்டியது அந்த லுக்கு. லுக்குக்காக சத்தத்தை விழுங்குற பொருள் ஒவ்வொண்ணா வெளிய போயிடுது.

இந்தக் கணக்கை உலகத்துக்கு கொடுத்தவர் வாலஸ் சேபின். 1895ல ஹார்வர்டுல ஃபாக் மியூசியத்துல புதுசா கட்டின லெக்சர் ஹால்ல பேசினா ஒரு மண்ணும் புரியல, காலி ஹால்ல ஒரு சத்தம் அடங்க அஞ்சரை நொடி ஆச்சு. இதை சரி பண்ணுங்கன்னு பல்கலைக்கழகத் தலைவர் எலியட் அப்ப இளம் இயற்பியல் ஆசிரியரா இருந்த சேபின் தலையில கட்டினார், ஒலியியல் சேபினோட துறையே இல்ல. சேபின் ஒரு ஆர்கன் குழாயை எடுத்துக்கிட்டார், 512 ஹெர்ட்ஸ் சத்தம் கொடுக்கிறது, கூட ஒரு கடிகாரம், அப்புறம் அவரோட காது. பகல்ல தெரு இரைச்சல்னு நடுராத்திரிக்கு மேல வேலை. பக்கத்துல இருந்த சாண்டர்ஸ் தியேட்டர்லேர்ந்து சீட் குஷன்களை ராத்திரி தூக்கிட்டு வந்து அடுக்கி அளந்துட்டு விடியறதுக்குள்ள திரும்பக் கொண்டு போய் வைக்கணும். குஷன் கூடக் கூட சத்தம் எவ்வளவு சீக்கிரம் சாகுதுன்னு வரிசையா எழுதிக்கிட்டே வந்தார். ஒரு கட்டத்துல தான் போட்டிருக்கிற கோட்டு பேண்டுகூட கணக்கை மாத்துதுன்னு கண்டுபிடிச்சு அதுவரை எடுத்த பெரிய குவியலைத் தூக்கிப் போட்டுட்டு அன்னையிலேர்ந்து ஒரே டிரெஸ்ஸோட அளந்தார். சத்தம் உறிஞ்சறதுக்கு அவர் வெச்ச அளவுகோல் என்ன தெரியுமா, திறந்த ஜன்னல். வெளிய போன சத்தம் திரும்ப வராது இல்லையா, அதைவிட நல்லா விழுங்குற பொருள் வேற என்ன இருக்கு? அந்த அலகுக்கு இன்னைக்கும் சேபின்னுதான் பேர், மீட்டர் கணக்குல ஒரு சதுர மீட்டர் திறந்த ஜன்னல் விழுங்குறது ஒரு சேபின். சூத்திரமும் குட்டி: கன அளவை 0.161ஆல பெருக்கி, அறையில இருக்கிற மொத்த சேபினால வகுத்தா அடங்கற நேரம் நொடியில கிடைக்கும். 1900ல திறந்த பாஸ்டன் சிம்பொனி ஹால் இந்தக் கணக்கை வெச்சு வடிவமைச்ச முதல் அரங்கம், உலகத்துலயே நல்லா கேக்குற அரங்கம்னு பட்டியல் போட்டா இன்னைக்கும் அது இருக்கும்.

நடுவுல எலியட்டே பொறுமை இழந்து, போதும் அளந்தது, ஹாலுக்கு என்ன பண்ணணும்னு சொல்லுன்னு நெருக்கியிருக்கார். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் இப்ப ஆராய்ச்சிக்கு காசு கேட்டு எழுதற விண்ணப்பம்தான் ஞாபகம் வரும், மூணு வருஷத்துல என்ன பொருள் சந்தைக்கு வரும்னு முதல் பக்கத்துலயே கேப்பாங்க. குஷன் எண்ணப் போறேன்னு எழுதினா எந்தக் குழு காசு கொடுக்கும்?

இப்ப எனக்குப் பிடிச்ச இடத்துக்கு வரேன். துணி சத்தத்தை ‘உறிஞ்சுது’ன்னு சுலபமா சொல்லிடறோம், உள்ள என்னதான் நடக்குது? ஒலின்னா காத்து முன்னும் பின்னும் ஆடறது. கனமான திரைச்சீலையையோ, பாறையை உருக்கி பஞ்சு மாதிரி இழுத்த ராக்வூல் பலகையையோ கிட்டத்துல வெச்சுப் பாத்தா முடியைவிட மெலிசான இழைங்க ஆயிரக்கணக்குல சிக்கிக் கிடக்கும், நடுவுல பொடிப்பொடியா சந்து. ஆடற காத்து அந்த சந்துக்குள்ள நுழைஞ்சு போகணும், திரும்பி வரணும், ஒவ்வொரு தடவையும் இழையோட உரசும், உரசல்ல சக்தி சூடா மாறிடும். சூடுன்னதும் பயந்துடாதீங்க, ஒருத்தர் சாதாரணமா பேசும்போது வர்ற ஒலி சக்தியே ஒரு வாட்டுல லட்சத்துல ஒரு பங்கு அளவுதான், எந்தத் தெர்மாமீட்டருக்கும் அது தெரியாது.

ஆக, ஒரு துணி நல்லா உறிஞ்சுமான்னு கடையிலயே பாத்துடலாம், வாயோட வெச்சு ஊதிப் பாருங்க. காத்து தடையே இல்லாம போனா உரசல் கம்மி. போகவே இல்லன்னா, ரெக்ஸின் மாதிரி, சத்தமும் உள்ள போகாம திரும்பிடும். கஷ்டப்பட்டு கொஞ்சம் கொஞ்சமா போச்சுன்னா அதுதான் நமக்கு வேணும்.

இதைவிட சுவாரசியமானது எங்க மாட்டறோம்ங்கிறது. ஒரு கயித்தோட முனையை சுவர்ல ஆணியடிச்சு கட்டிட்டு மறுமுனையை ஆட்டிப் பாருங்க, ஆணிகிட்ட கயிறு அசையாது, கொஞ்சம் தள்ளித்தான் ஆடும். காத்தும் அப்படியே. சுவரை ஒட்டியிருக்கிற காத்துக்கு முன்னாடி போக வழியில்ல, அதனால அங்க அழுத்தம் அதிகமா இருக்கும், ஆனா அசைவு பூஜ்யம். அசைவே இல்லாத இடத்துல துணியை ஒட்டினா எதை வெச்சு உரசும்? காத்து அதிகமா ஆடற இடம் சுவர்லேர்ந்து அலைநீளத்துல கால் பங்கு தள்ளி இருக்கு. 1000 ஹெர்ட்ஸ் சத்தத்துக்கு அலைநீளம் 34 சென்டிமீட்டர், கால் பங்குன்னா எட்டரை சென்டிமீட்டர். அதே திரைச்சீலையை சுவரோட ஒட்டாம பத்து சென்டிமீட்டர் தள்ளி, மடிப்பு மடிப்பா தொங்க விட்டா, கூடுதலா காசு செலவு பண்ணாம வேலை பல மடங்கு நடக்கும். பின்னாடி இருக்கிற வெறும் காத்துதான் பாதி வேலை செய்யுது!

கீழ் சுருதிக்கு இந்தக் கணக்கு காலை வாரி விட்டுடும். 125 ஹெர்ட்ஸுக்கு கால் அலைநீளம் கிட்டத்தட்ட 70 சென்டிமீட்டர், வீட்ல யாரும் அவ்வளவு தள்ளி திரை போட மாட்டாங்க. கான்கிரீட் மேல நேரா விரிச்ச தடிமனான கார்ப்பெட் 4000 ஹெர்ட்ஸ்ல நூத்துக்கு 65 பங்கு விழுங்கும், 125ல வெறும் 2. அதனால கார்ப்பெட்டை மட்டும் நம்பினவங்க வீட்ல கூர்மையான சத்தம் எல்லாம் போயிட்டு பேஸ் மட்டும் குமுகுமுன்னு நிக்கும். அதுக்கு ஆடற பலகை வேணும்: ஃப்ரேம் அடிச்சு பின்னாடி இடம் விட்டு மாட்டின ஜிப்சம் போர்டோ ப்ளைவுட்டோ தானும் சேர்ந்து அதிர்ந்து பேஸை தின்னும். ஒரு சுவரையாவது இப்படி விட்டுக் கொடுங்க, எல்லா சுவரும் செங்கலா தெரியணும்னு எந்த சட்டமும் இல்ல.

முட்டை ட்ரேக்கு வருவோம். இது நம்ம காலத்து மூடநம்பிக்கை, படிச்சவங்க நம்பறதால யாரும் அப்படிச் சொல்றதில்ல. ஸ்டூடியோ ஃபோம் மேடு பள்ளமா இருக்கும், ட்ரேயும் மேடு பள்ளமா இருக்கு, அதனால ரெண்டும் ஒண்ணுன்னு முடிவு. ஃபோம்ல வேலை செய்யறது உள்ள இருக்கிற சந்தும் தடிமனும். ட்ரே மெல்லிசு அட்டை, ஏதோ ஒரு குறுகின சுருதியில கொஞ்சம் உறிஞ்சும், பேச்சுக்கு உதவாது, தீப்பிடிச்சா மட்டும் நல்லா எரியும். வெளிச் சத்தத்தை தடுக்கும்னு நினைக்கிறது இன்னும் தப்பு, தடுக்கிறதுக்கு எடை வேணும், சுவரோட எடையை ரெட்டிப்பாக்கினா ஏறக்குறைய 6 டெசிபெல் கூடும். இடுக்கு இருந்தா அந்த எடையும் வீண், பரப்புல நூத்துல ஒரு பங்கு ஓட்டை இருந்தாலே எவ்வளவு கெட்டிச் சுவரா இருந்தாலும் 20 டெசிபெலைத் தாண்டாது. கராஜ் கதவைச் சுத்தி இருக்கிற இடுக்கை ரப்பர் சீல் போட்டு அடைச்சாலே பாதி நிம்மதி.

மூடநம்பிக்கைன்னதும் இன்னொண்ணு. தகரக் கூரை போட்ட இடத்துல ராத்திரி ‘டக் டக்’னு யாரோ நடக்கிற மாதிரி கேக்கும். 6 மீட்டர் இரும்பு ஷீட் 30 டிகிரி குளிர்ந்தா சுமார் 2 மில்லிமீட்டர் சுருங்கும், ஸ்க்ரூ விடாம பிடிச்சிருக்கும், ஒரு கட்டத்துல சடக்குனு விடும். நாலு நொடி எதிரொலிக்கிற அறையில அது எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சுன்னு காதால பிடிக்க முடியாது. பேயோட்டறவரைவிட ஸ்க்ரூவுக்கு அடியில ஒரு ரப்பர் வாஷர் மலிவு.

சரி, அந்த கராஜுக்கு என்ன செய்யலாம்? 156 சதுர மீட்டர்ல நூத்துக்கு 3 பங்குன்னா, இப்ப அங்க மொத்தமே 4.7 சேபின்தான் இருக்கு. கூரையில பீமுக்கு நடுவுல பாதி இடத்துக்கு, 18 சதுர மீட்டர், கறுப்பு துணி சுத்தின ராக்வூல் பலகை கொஞ்சம் இடைவெளி விட்டு தொங்க விட்டா 14 சேபின் சேரும், நாலு நொடி ஒரு நொடியா இறங்கிடும். கறுப்புன்னா கண்ணுக்கும் தெரியாது, பீமும் பைப்பும் அப்படியே நிக்கும். சோபா, கட்டில், கண்ணாடிக்கு ஒரு கனமான திரை எல்லாம் வந்தா முக்கால் நொடிக்குள்ள வந்துடும், வீட்டுக்கு அரை நொடி கிட்ட இருந்தா சொர்க்கம். அதுக்கு மேல மேல போட்டுக்கிட்டே போறது காசுக்கு கேடு, ஏன்னா நேரத்தை பாதியாக்க ஒவ்வொரு தடவையும் இருக்கிற சேபினை ரெட்டிப்பாக்கணும், முதல் ரெட்டிப்புக்கு அஞ்சு போதும், நாலாவதுக்கு நாப்பது வேணும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. சேபின் கணக்கு சத்தம் எல்லா பக்கமும் சமமா பரவியிருக்குன்னு நினைச்சு போட்டது. எல்லாத்தையும் கூரையிலயே மாட்டிட்டு எதிரெதிர் சுவரை மொட்டையா விட்டா, அந்த ரெண்டு சுவருக்கு நடுவுல மட்டும் சத்தம் போயிட்டு வந்துக்கிட்டே இருக்கும். 6 மீட்டர் இடைவெளியில போய்வர 35 மில்லிசெகண்ட், நொடிக்கு 28 தடவை, கை தட்டினா ‘ட்ர்ர்ர்’னு ஒரு உறுமல் கேக்கும். ரெண்டுல ஒரு சுவரை மட்டும் கெடுத்தா போதும், புத்தகம் முன்னும் பின்னுமா ஒழுங்கில்லாம அடுக்கின ஷெல்ஃபே சத்தத்தை சிதற அடிச்சிடும். சாமான் ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவை, ஏத்தினப்புறம் ஒரு தடவை, அறைக்கு நடுவுல நின்னு கை தட்டிப் பாருங்க, எந்தச் சுவர் பாக்கின்னு அதுவே சொல்லிடும்.