சொல் விளக்கம்: மீன் கூடுமிடம்

'சாத்தியமான மீன்பிடி மண்டலம்' என்ற தொடரை இனியும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. செய்தி, கையேடு, பயிற்சிக் கூட்டம் என எங்கும் இதுதான். ஆங்கிலத்தில் 'பொட்டென்ஷியல் ஃபிஷிங் ஸோன்'. முதற்சொல்லின் லத்தீன் வேர் ஆற்றலைக் குறிப்பது. 'ஸோன்' கிரேக்கத்தில் இடைக்கச்சை.

சரி, பொருள் என்ன? ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற பெருங்கடல் தகவல் மையம், செயற்கைக்கோள் வழியாகக் கடற்பரப்பின் வெப்பத்தையும் பச்சையத்தின் அளவையும் கவனிக்கிறது. வெப்பம் சட்டென மாறும் விளிம்புகளில் நுண்பாசிகள் பெருகும். அவற்றை நாடிச் சிறுமீன் வரும், அதைத் தேடிப் பெருமீன் வரும். அந்த இடம் கரையிலிருந்து எந்தத் திசையில், எவ்வளவு தூரத்தில், என்ன ஆழத்தில் என்று அறிவிக்கிறார்கள்.

இதில் 'சாத்தியம்' எங்கே வந்தது? அது வடமொழிச் சொல், 'சாதிக்கத்தக்கது' என்று பொருள். வலை வீசுவது எங்கேயும் சாத்தியம்தான். மீன் இருக்குமா என்பதல்லவா கேள்வி? ஆங்கிலத் தொடரே மீனை விட்டுவிட்டு மீன்பிடிப்பைப் பற்றிக்கொண்டது. நம் மொழிபெயர்ப்பாளர்கள் அந்தக் கோணலையும் சேர்த்து இறக்குமதி செய்துவிட்டார்கள். 'மண்டலம்' இன்னும் மோசம். கடலுக்குப் போகிறவர் வானிலை அறிக்கையில் அந்தச் சொல்லைக் கேட்பது 'காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்' என்றுதான். போகாதே என்று சொல்லும் சொல்லையே போ என்று சொல்லவும் வைப்பது பொறுப்பான வேலையா?

'மீன்வளப் பகுதி' என்று சிலர் எழுதுகிறார்கள். தமிழாக இருக்கிறது, ஆனால் நிலையான இடம் போலத் தொனிக்கிறது. இதுவோ நீரோட்டத்தோடு நகர்வது, இரண்டொரு நாளில் கலைந்துவிடுவது.

'மீன் கூடுமிடம்' என்பதே என் பரிந்துரை. கூடுதல் என்றால் திரளுதல். 'மழை வரக்கூடும்' என்கிறோமே, அந்த 'இருக்கலாம்' என்ற பொருளும் அதே வினையில் உண்டு. திரட்சி, வாய்ப்பு இரண்டையும் ஒரே சொல் சுமக்கிறது. இவ்வளவு கச்சிதமான வினை கையில் இருக்க, அகராதியைப் புரட்டிச் சொல்லுக்குச் சொல் ஒட்டுகிறவர்கள் மேல் கோபம்தான் வருகிறது.