நடுத்தரச் சூடுதான் வில்லங்கம்

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் போகிற நாற்கரச் சாலையில் பணகுடி, காவல்கிணறு பக்கம் வந்தால் மேற்கே தெரிகிற மலைதான் மகேந்திரகிரி. அங்கே இருக்கிற இஸ்ரோவின் உந்துவிசை வளாகத்தில் 2024 மார்ச் 19 அன்று ஒரு புது நாசிலை, அதாவது ராக்கெட் எஞ்சின் வாயுவைக் கக்குகிற வாய்ப்பகுதியை, 60 விநாடி இயக்கிப் பார்த்தார்கள். அடுத்து ஏப்ரல் 2 அன்று 200 விநாடி. சூடு 1216 கெல்வின், அதாவது 943 டிகிரி செல்சியஸ் வரை போனது. அந்த நாசில் உலோகத்தில் செய்ததில்லை. கரி இழைகளைக் கரியாலேயே பிணைத்துச் செய்த கார்பன்-கார்பன்.

கரி எரியாதா? எரியும். ஆனால் விண்கலத்தின் வெப்பக் கவசத்தில் கருகிச் சிதைவதே பாதிப் பாதுகாப்பு.

பூமியைச் சுற்றிவிட்டுத் திரும்புகிற விண்கலம் விநாடிக்கு ஏறக்குறைய 7.8 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுக்குள் நுழைகிறது. அந்த வேகத்தில் அதன் ஒவ்வொரு கிலோவிலும் சுமார் 30 மெகாஜூல் ஆற்றல் இருக்கும். உராய்வால் சூடாகிறது என்றுதான் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள், ஆனால் பெரும்பங்கு சூடு முன்னால் இருக்கிற காற்று ஒதுங்க நேரமில்லாமல் நசுங்குவதால் வருவது. முகப்பை மழுங்கலாகச் செய்தால் அப்படி நசுங்கிய காற்றின் அதிர்வலை கலத்தைத் தொடாமல் சற்றுத் தள்ளியே நிற்கும், சூட்டில் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். மிச்சத்தைத் தாங்கத்தான் கவசம்.

கரி இழையையோ சிலிக்கா இழையையோ ஃபீனாலிக் ரெசின் என்கிற பிசினில் தோய்த்து இறுக்கினால் ஒரு வகைக் கவசம் கிடைக்கும். 2007 ஜனவரியில் வங்கக்கடலில் இறங்கிய இஸ்ரோவின் எஸ்.ஆர்.இ-1 கலத்தின் மூக்கில் இருந்தது இந்தக் கார்பன் ஃபீனாலிக்தான். சில நூறு டிகிரியிலேயே ரெசின் சிதைய ஆரம்பிக்கும். நம் பக்கம் சீமைக்கருவேலத்தை அடுக்கி மண் பூசிப் போடுகிற கரிமூட்டத்தில் நடப்பதும் இதேதான்: விறகிலிருந்து ஆவியும் புகையும் வெளியேறி, கரி மட்டும் தங்கும். கவசத்தில் இந்த வேலை விநாடிக் கணக்கில் நடக்கிறது. சிதைவதற்கே வெப்பம் செலவாகிறது. நீராவி, ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு எல்லாம் மேலே இருக்கிற கரியின் நுண்துளைகள் வழியாக ஊடுருவி வரும்போது கரியையும் குளிர்விக்கின்றன, வெளியே வந்ததும் சுடுகாற்றைக் கவசத்திலிருந்து சற்றுத் தள்ளியும் விடுகின்றன. கரி தகதகவென்று கனன்று ஒளியாகவே வெப்பத்தைத் திருப்பி வீசுகிறது. கெல்வின் கணக்கில் வெப்பநிலை இரட்டிப்பானால் இந்த வீச்சு 16 மடங்காகும், அதனால் மேற்பரப்பு எவ்வளவு சூடேறுகிறதோ அவ்வளவுக்குத் தானே வெப்பத்தைக் கழித்துக்கொள்ளும். அடியில் இருக்கிற பகுதி சிதையாமல் அப்படியே இருக்கும், அதற்கும் கீழே இருக்கிற மனுசருக்குச் சூடே தெரியாது.

அப்படியானால் சூடு கூடக்கூட ஆபத்து, குறைந்தால் நிம்மதி என்று தோன்றும். அங்கேதான் சிக்கல்.

2022 டிசம்பர் 11 அன்று நிலவைச் சுற்றிவிட்டு வந்த நாசாவின் ஓரியன் கலத்தின் கவசத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் கரி பெயர்ந்து விழுந்திருந்தது. ஆள் இல்லாத பயணம், கலமும் பத்திரமாகத்தான் இறங்கியது, ஆனாலும் கணக்குக்கு ஒத்துவராத சேதம். காரணம் கண்டுபிடித்து வெளியே சொல்ல ஏறக்குறைய இரண்டு வருசம் ஆயிற்று. கலம் வளிமண்டலத்தில் ஒருமுறை முங்கி, மேலே எழும்பி, மறுபடி இறங்கியது. நடுவில் சூடு தணிந்தது. அந்த நேரத்தில் உள்ளே தேங்கியிருந்த வெப்பம் ரெசினைச் சிதைத்து வாயுவை உண்டாக்கிக்கொண்டே இருந்திருக்கிறது, ஆனால் வாயு வெளியேற வழிவிடும் அளவுக்கு மேலே நல்ல துளையுள்ள கரி உருவாகவில்லை. அழுத்தம் ஏறி விரிசல் விட்டது. முன்பு தரையில் செய்த சோதனைகளில் சூட்டு வேகம் நிஜப் பயணத்தைவிடக் கூடுதலாக வைத்திருந்தார்கள், கரி நன்றாகப் பிடித்தது, அதனால் இந்தக் கோளாறு தெரியவே இல்லை. கடுமையான சோதனையில் தேறினால் லேசானதிலும் தேறும் என்ற நம்பிக்கை இந்தப் பொருளிடம் செல்லாது என்பதுதான் எனக்கு இதில் பெரிய சங்கதி.

சரி, மகேந்திரகிரி நாசில்? அதில் இந்த வாயுத் தொல்லை இல்லை, ரெசினைத் தொழிற்சாலையிலேயே கரியாக்கிவிடுகிறார்கள். பிறகு வாயு நிலையில் இன்னும் கார்பனை ஊட்டி மிச்சத் துளைகளை நிரப்பி, உயர்வெப்பத்தில் பதப்படுத்துகிறார்கள். உலோகம் சூட்டில் துவளும், இது ஏறத்தாழ 2000 டிகிரியிலும் வலு குறையாது. பி.எஸ்.எல்.வி.யின் நான்காம் கட்டத்தில் இருக்கிற கொலம்பியம் உலோக நாசிலுக்குப் பதில் இதை வைத்தால் நாசில் எடை சுமார் 67 சதவீதம் குறையும், ராக்கெட் 15 கிலோ வரை கூடுதல் சுமை தூக்கலாம் என்பது இஸ்ரோவின் கணக்கு.

இதற்கு எதிரி ஆக்சிஜன். 500 டிகிரி வாக்கிலேயே கரியை அரிக்கத் தொடங்கிவிடும். அதனால் மேலே சிலிக்கான் கார்பைடு பூச்சு. ஆனால் பூச்சு விரிகிற அளவும் கரி விரிகிற அளவும் ஒன்றில்லை. உயர்ந்த சூட்டில் பூசி ஆறவிடும்போது பூச்சு அதிகமாகச் சுருங்கி மயிரிழை விரிசல்கள் விடும். மறுபடி அந்தச் சூட்டுக்குப் போனால் விரிசல் மூடிக்கொள்ளும். இடைப்பட்ட சூட்டில்தான் அது திறந்தே கிடக்கும், ஆக்சிஜன் நுழைந்து பூச்சுக்கு அடியில் கரியைத் தின்னும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அமெரிக்க விண்வெளி ஓடங்களின் மூக்கிலும் இறக்கை விளிம்பிலும் இதே வகைப் பொருள்தான் இருந்தது. அங்கே சூட்டில் இளகி விரிசலை அடைக்கிற கண்ணாடிப் பூச்சு ஒன்றைக் கூடவே சேர்த்தார்கள்.

நாசில் வேலை செய்கிற உயரத்தில் காற்று கிடையாதே, ஆக்சிஜன் எங்கிருந்து வரும் என்று கேட்கலாம். எஞ்சின் கக்குகிற வாயுவிலேயே நீராவியும் கரியமில வாயுவும் இருக்கும், போதுமான சூட்டில் இரண்டுமே கரியை அரிக்கக்கூடியவை.